உப்பளத்துக்கு எந்த நிறம்?

மார்ச் பதினொன்றாம் தேதி, பகல் பதினொன்று இருபது. வானத்தில் பெயருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. கடல் பக்கமிருந்து காற்று பலமாக அடித்தது, அதிலும் சூடு. கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில் இரண்டு பைகளோடும் ஒரு குடையோடும் நின்றேன். என்னை இறக்கிவிட்ட பேருந்து தெற்கே ஒரு புள்ளியாகிக்கொண்டிருந்தது.

பிழை என்னுடையதுதான். சென்னையில் ஏறும்போதே நடத்துநரிடம், "மரக்காணத்து உப்பளம் தெரிஞ்சதும் ஒரு குரல் குடுங்க" என்று சொல்லி வைத்திருந்தேன். பைகளை எடுத்து, செருப்பைத் தேடி, தயாராக நேரம் வேண்டுமல்லவா? அவர் வேறு விதமாகப் புரிந்துகொண்டார். "உப்பளம் கேட்ட பெரியவரு எறங்கு!" என்று விசில் ஊதினார். தூக்கக் கலக்கத்தில் இறங்கிவிட்டேன். ஊர் இன்னும் நான்கு கிலோமீட்டர் இருந்தது.

சாலையின் இரண்டு பக்கமும் பாத்திகள். வரப்புகளுக்கு நடுவே தண்ணீர் கண்ணாடித் துண்டுகளாகக் கிடந்தது. தள்ளித் தள்ளி வெள்ளைக் குவியல்கள். சிலவற்றின் மேல் பனையோலை வேய்ந்திருந்தார்கள். வழக்கப்படி மரங்களை எண்ண ஆரம்பித்தேன். சிங்கப்பூரில் முப்பத்தொரு வருடம் அதுதான் எனக்கு வேலை. அங்கே சாலையோர மரங்களுக்கு எண் உண்டு. எந்த மரம் எவ்வளவு பருமன், எந்தக் கிளை எந்தப் பக்கம் சாய்கிறது, எப்போது கழிக்க வேண்டும் என்று பார்த்துக் குறித்துக்கொண்டே ஓய்வு பெற்றேன். கண்ணுக்கெட்டிய தூரம் சுற்றிப் பார்த்தேன். பூஜ்யம். கண்புரை திரும்பிவிட்டதோ என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். அப்போதும் பூஜ்யம்தான்.

குடையைக் காற்று இரண்டு முறை புரட்டிப் போட்டது. மூன்றாவது முறை ஒரு கம்பி உடைந்தது. அப்போதுதான் உப்பு மூட்டை ஏற்றிய ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் பெயர் ஏழுமலை, நாற்பது வயதிருக்கும்.

"இன்னா பெரியவரே, உப்பு வாங்க வந்தியா, காய வந்தியா?"

ஊருக்குப் போக வேண்டும் என்றேன். முன்னிருக்கையில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். என்னை மூட்டைகளின் மேல் ஏற்றி உட்கார வைத்தார். எழுபத்து நான்கு வயதில் பத்தொன்பது மூட்டை உப்பின் மேல் ஊர்வலம். சிங்கப்பூரில் இப்படிப் போனால் மூன்று பேர் படம் எடுப்பார்கள், நான்காமவர் போலீசைக் கூப்பிடுவார். இங்கே எதிரே வந்தவர்கள் வழிவிட்டதோடு சரி.

ஊரின் வடக்கு முனையில் ஒரு டீக்கடையில் வண்டி நின்றது. டீ நன்றாக இருந்தது, சர்க்கரைதான் மூன்று பேருக்குப் போதும். எந்த ஊர், யார் வீடு என்று ஏழுமலை கேட்டார். எனக்குச் சொல்லத்தானே வேண்டும்?

"என் மக வாணி. சென்னையில நகரத் திட்ட நிபுணர். உங்க ஊருக்குத் திட்டம் போடுறவ அவதான்."

"அந்தக் கண்ணாடி போட்ட மேடமா? வாய்க்கா ஓரமா டேப் புடிச்சிக்கினு நடப்பாங்களே?"

"அவளேதான். எங்க சிங்கப்பூர் எப்படி இருக்கு தெரியுமா? வீட்டை விட்டு இறங்கினா மரம். ரோட்டுக்கு மேல ரெண்டு பக்கத்து மரமும் கை கோத்துக்கிட்டு நிக்கும். எல்லாம் தூங்குமூஞ்சி மரம், ஒவ்வொண்ணும் ஒரு கல்யாண மண்டபம். உங்க ஊரையும் என் மக விடப் போறதில்ல. அந்த உப்பளம் இருக்கே, வரைபடத்துல அது மொத்தத்தையும் பச்சை அடிச்சிட்டா. இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் பச்சை!"

கடையில் இருந்த எட்டுப் பேரும் பேச்சை நிறுத்தினார்கள். மகளின் பெருமை அவர்களைக் கட்டிப் போட்டுவிட்டது என்று நினைத்தேன்.

"மொத்தத்தையுமா?" என்றார் ஏழுமலை.

"ஒரு பாத்தி விடாம!" என்றேன்.

என்னை விடுதி வாசலில் இறக்கிவிட்டுப் போகும்போது அவர் சிரிக்கவில்லை. வெயில் என்று எடுத்துக்கொண்டேன்.

வாணி மாலையில் வந்தாள். நாற்பத்தொரு வயதாகிறது; இன்னும் சாப்பிடும்போது அலைபேசியைப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. திட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு வருட உழைப்பு நாளை மறுநாள் ஒரு கூட்டத்தில் நிற்கப் போகிறது என்றாள். பேரூராட்சி ஊர் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கிறது. ஊர் வேண்டாம் என்றால் அவள் திட்டம் அலமாரிக்குப் போகும். வேறொன்று தயாராக இருக்கிறது: ஊருக்கு நடுவே ஓடும் வாய்க்காலின் மேல் சிமெண்ட் பலகை போட்டு மூடி, அதன் மேல் கடைகள் கட்டுவது.

"மூடிட்டா மழைத்தண்ணி எங்க போகும்?"

"வீட்டுக்குள்ளதான்ப்பா. போன மழையில முழங்கால் தண்ணி. அதைத்தான் அவங்களுக்குச் சொல்லணும். ஆனா இந்த மாதிரி கூட்டத்துக்குப் பன்னண்டு பேர் வந்தாலே பெருசு. அதுல எட்டுப் பேர் கடை வேணும்னு சொல்றவங்களா இருப்பாங்க."

அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. மின்விசிறியில் ஒரு சத்தம். மற்றது மகளைப் பற்றிய கவலை.

மறுநாள் காலை என்னை வாய்க்காலோரம் அழைத்துப் போனாள். வழியில் ஒரு கடையில் இட்லிக்கு வடகறி கொடுத்தார்கள். உப்பு விளைகிற ஊரில் வடகறியில் உப்பு இல்லை! கடைக்காரரிடம் சொன்னேன். "டாக்டர் கொறைக்கச் சொன்னாரு சார்" என்றார். அவருக்குச் சொன்னதா, ஊருக்கே சொன்னதா தெரியவில்லை.

வாய்க்கால் நான் நினைத்ததைவிட அகலம். ஏரியிலிருந்து கிளம்பி, தெருக்களின் முதுகுப்பக்கமாக வளைந்து, கடைசியில் உப்பங்கழியில் போய் விழுகிறது. குப்பையும் ஆகாயத்தாமரையும் அடைத்துக் கிடந்தாலும் ஓட்டம் சாகவில்லை. இரு கரையிலும் நடந்து எண்ணினேன். பூவரசு, புங்கன், வேம்பு, எவரும் நடாமல் தானாக வந்த வேலிக்கருவேலம், ஒரு நாவல். கருவேலத்தைக் கழித்துவிட்டால் அறுபத்து நான்கு. வாணியின் கணக்கில் அறுபத்து மூன்று. கோயில் சுவருக்குப் பின்னால் ஒரு வேம்பை விட்டிருந்தாள். சுட்டிக் காட்டினேன்.

"கன்னுக்குட்டி கட்டியிருந்துச்சுப்பா, கிட்ட விடல" என்று சிரித்துவிட்டுத் திருத்திக்கொண்டாள்.

அவள் திட்டத்தில் கரைகளில் நடைபாதை; ஐந்தடிக்கு ஒரு மரம் என்று அலங்காரத்துக்கு நடாமல், ஆட்கள் நடக்கும் வழியில் நிழல் விழும்படி மரங்கள். பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் ஒரு விளையாட்டுத் திடல், மழைக்காலத்தில் அதுவே தண்ணீர் தேங்கிக் கொள்ளும் பள்ளம். மூடிப்போன இரண்டு குட்டைகளைத் திரும்பத் தோண்டுவது. பேருந்து நிற்கும் இடத்தில் மூன்று பெரிய மரங்கள். இவை எல்லாவற்றையும் நடந்துகொண்டே காட்டினாள். எங்கள் சிங்கப்பூரில் ஆற்றையே கான்கிரீட் கால்வாயாக்கி, பிறகு அந்தக் கான்கிரீட்டை உடைத்துக் கரையில் புல் வளர்த்தோம். இரண்டு செலவு. இவள் முதல் செலவையே செய்யவிடாமல் தடுக்கப் பார்க்கிறாள். அதைச் சொன்னேன். "இதை நாளைக்கு நான் திருடிக்கிறேன்" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. அந்த நிறைவு மதியச் சாப்பாடு வரை இருந்தது.

மெஸ்ஸில் கூட்டம். இறால் தொக்கு அருமை. எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"சிங்கப்பூர்லேர்ந்து ஒரு கெழவன் வந்திருக்கானாம். உப்பளத்த மூடிட்டு மரம் நடப் போறானுங்களாம்."

"இன்னா மரமாம்?"

"தூங்குமூஞ்சி."

"மூஞ்சியப் பாரு. எத்தினியாம்?"

"ரெண்டு லட்சமாம்பா. ஆளுங்க எல்லாம் கப்பல்ல வர்றானுங்களாம்."

"உப்பு?"

"உப்ப எவன் கேக்குறான்? காலையிலேர்ந்து அஞ்சலை ஒவ்வொரு பாத்தியா போய்ச் சொல்லிக்கினு இருக்குது. நாளைக்கு ஒருத்தர் பாக்கியில்லாம மண்டபத்துக்கு வரணுமாம்."

நான் வாயில் இருந்த இறாலை மெல்லுவதை நிறுத்தினேன். வாணி மெல்ல நிமிர்ந்தாள். பள்ளிக்கூடத்து நாட்களில் மதிப்பெண் தாளை நான் எப்படிப் பார்ப்பேனோ, அப்படி என்னைப் பார்த்தாள்.

"அப்பா. நேத்து யார்கிட்ட என்ன சொன்னீங்க?"

சொன்னேன். சொல்லும்போதே எங்கே தவறினேன் என்று புரிந்தது. வரைபடத்தில் பச்சை என்றால் இது திறந்தவெளி, எவரும் கட்டடம் கட்டக் கூடாது என்று பொருள். அவள் ஒரு மரத்தைக்கூட அங்கே நினைக்கவில்லை. உப்பளத்தை உப்பளமாகவே விட்டுவைக்கத்தான் பச்சை அடித்திருந்தாள். மனை போடுகிறவர்கள் கை வைக்காமல் இருக்க. நான் தூங்குமூஞ்சி மரத்தையும் பச்சையையும் ஒரே மூச்சில் சொல்லி முடிச்சுப் போட்டுவிட்டேன்.

"போய் ஏழுமலையைப் பார்த்து விளக்கிடட்டுமா?"

"வேணாம். நீங்க விளக்கினா நாலு லட்சம் ஆயிடும்." கொஞ்ச நேரம் சாதத்தைப் பிசைந்தாள். "நாளைக்கு நீங்க வரலாம். வாயைத் திறக்கக் கூடாது."

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கல்யாண மண்டபம். எண்பது நாற்காலி போட்டிருந்தார்கள். பத்தரைக்குள் நாற்காலி தீர்ந்து, சுவரோரமும் வாசற்படியும் நிறைந்துவிட்டது. விடியுமுன் பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுமுன் வேலையை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார்கள். கணுக்கால் வரை உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. மேடையில் வாணி, அவளுக்குப் பக்கத்தில் பேரூராட்சியின் செயல் அலுவலர். அவர் கூட்டத்தைப் பார்த்து இரண்டு முறை கைக்குட்டையை எடுத்தார். நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால்.

வாணி வரைபடத்தைப் பிரித்து மாட்டியதும் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். அவள்தான் அஞ்சலை, ஏழுமலையின் மனைவி. ஐம்பது பெண்களுக்குக் குறையாமல் அவளைச் சுற்றி இருந்தார்கள்.

"ஏம்மா, பாத்தியாண்ட மரம் நட்டா நெழலு வுழும். எல கொட்டும். காத்த அடைக்கும். உப்பு எப்டிம்மா எறங்கும்? படிச்ச புள்ள, நீயே சொல்லு."

"எறங்காதுக்கா. அதனாலதான் அங்க ஒரு மரம்கூட நடப் போறதில்ல."

"அப்ப இது இன்னா?" வரைபடத்தில் கடலோரத்தை நிறைத்திருந்த பச்சையைக் காட்டினாள்.

"பச்சைன்னா அங்க எவனும் கட்டடம் கட்டக் கூடாதுன்னு அர்த்தம்."

"பச்சைன்னா பச்சை. இது பச்சைப் பொய்யி!"

மண்டபமே சிரித்தது. வாணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை அவள் மறைக்கவில்லை.

அந்தச் சந்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நுழைந்தார். மனை விற்பவர், வாய்க்கால் கடைத் திட்டத்துக்கும் அவர்தான் ஆள் சேர்ப்பவர் என்று வாணி முந்தின நாளே சொல்லியிருந்தாள். "இவ்ளோ கொழப்பம் எதுக்கு? அந்த எடத்த வெள்ளையாவே வுட்டுடலாமே மேடம். உப்பும் வெள்ளதானே?"

பலர் தலையாட்டினார்கள். வரைபடத்தில் வெள்ளை என்றால் காலி இடம்; எதற்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். எழுந்து சொல்ல வாயெடுத்து, தூணைப் பிடித்துக்கொண்டேன். ஏழுமலை முந்திக்கொண்டார்.

"யோவ், பைபாஸாண்ட எங்க பெரியப்பன் நெலத்தையும் வெள்ளையாதான் வுட்டானுங்க. மறு வருசமே நீ கல்லு நட்டு வித்துட்ட. வெள்ளையா வுட்டா உனுக்கு வெள்ளக் காகிதம்!"

சத்தம் அடங்க நேரம் பிடித்தது. வாணி வரைபடத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"பச்சை வேணாம், வெள்ளையும் வேணாம். சரி. நீங்களே சொல்லுங்க. எந்தக் கலர்?"

இப்படி ஒரு கேள்வியை எந்தக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை. எங்கள் ஊரில் நிறத்தை முடிவு செய்துவிட்டுத்தான் மக்களைக் கூப்பிடுவார்கள்.

"நீலம்!" என்றது ஒரு குரல்.

"டேய், நீலம்னா ஏரின்னு சொல்லி மீனு ஏலம் வுட்டுடுவானுங்க."

"மஞ்சள்!"

"மஞ்சளு வூடு கட்டுற எடம்டா, தோ கீழ எழுதியிருக்குது பாரு."

வாணி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு அஞ்சலையைப் பார்த்தாள். "அக்கா, போன மாசம் உங்க பாத்தியில நின்னப்போ காட்டுனீங்களே. உப்பு எறங்கறதுக்கு முன்னாடி தண்ணி என்ன கலராகும்?"

அஞ்சலை பதில் சொல்லுமுன் பக்கத்தில் இருந்த பெண் அவள் முந்தானையை இழுத்து உயர்த்திக் காட்டினாள். "தோ! இவ கட்டியிருக்கிற கலரு!"

சாயம் போன ரோஸ் நிறச் சேலை. அஞ்சலை முந்தானையைப் பிடுங்கிக்கொண்டு, "சீ, போடி" என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. "ரோஸு. ஆமா, தண்ணி செவந்து ரோஸானாதான் உப்பு வரும். ரோஸே அடி. வேற எவனும் அதுக்குச் சொந்தம் கொண்டாட முடியாது."

செயல் அலுவலர் முன்னால் சாய்ந்தார். "மேடம், விதியில ரோஸ் கெடையாது."

"விதியில இல்லாத பயன்பாட்டுக்குத் தனிக் குறிப்பு எழுத இடம் இருக்கு சார். கலர் கட்டத்துல ரோஸ் போட்டு, பக்கத்துல எழுதிடுறேன்: உப்பளம், கட்டடம் கூடாது, மரமும் கூடாது."

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மூன்று பக்கம் முன்னால், ஐந்து பக்கம் பின்னால். கடைசியில் தலையசைத்தார்.

"தூங்குமூஞ்சி மரம் கூடாதுன்னு தனியா எழுதும்மா," என்று கத்தினார் ஏழுமலை. "அந்தப் பெரியவரு தூணாண்டதான் ஒளிஞ்சிக்கினு இருக்காரு!"

அத்தனை தலையும் திரும்பியது. நான் கும்பிட்டேன். வேறென்ன செய்வது?

அஞ்சலை உட்காரவில்லை. "மரம் வேணான்னு சொல்லல. பாத்தியில வேணாம். வேல முடிஞ்சி வெயில்ல வூட்டுக்கு நடக்குறோமே, அந்த வாய்க்கா ஓரம், அங்க நடு. நீ போட்டது பத்தாது. எங்க தெரு வரைக்கும் கொண்டா. அத மூடிக் கடை கட்டுனா நாங்க எங்க நடக்குறது?"

வாணி எழுதிக்கொண்டாள். பன்னிரண்டு பேர் வந்தாலே பெரிது என்று கவலைப்பட்ட கூட்டத்தில், வாய்க்காலை மூட வேண்டாம் என்று ஊரே அவளுக்காகப் பேசிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒரு முறை எழுந்து, ஒரு முறை உட்கார்ந்தார்.

வாணியின் திட்டத்துக்குச் சம்மதம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். செயல் அலுவலர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "பெரும்பான்மை" என்று எழுதப் போனார்.

"நூத்தி நாப்பத்து மூணு சார்!" என்றேன். வாக்குத் தவறிவிட்டேன். வாணி கண்ணை மூடிக்கொண்டாள். "எதிர்த்து ஒன்பது. வாசப்படியில இருக்கிற அம்மா ரெண்டு கையும் தூக்கினாங்க, ஒண்ணாத்தான் எண்ணினேன்."

அவர் எண்ணையே எழுதினார்.

கூட்டம் கலைந்தபோது வாணியைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்து உப்புக் கையால் அழுத்தினாள். இன்னொருத்தி, தெருவில் எந்த வீட்டுக்கு முன்னால் புங்கன் வர வேண்டும் என்று அப்போதே இடம் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் எத்தனையோ திறப்பு விழாக்களில் எத்தனையோ அதிகாரிகள் மாலை வாங்கிப் பார்த்தவன். என் மகளுக்கு அன்று மாலை இல்லை. அவள் நீலக் குர்தாவின் மணிக்கட்டில் வெள்ளையாக ஐந்து விரல் படிந்திருந்தது. அதைத் தட்டிவிடாமல் அப்படியே இருந்தாள்.

திருத்திய வரைபடம் ஆறு படிகள் மாலை அலுவலகம் மூடுமுன் கையெழுத்துக்கு வர வேண்டும் என்றார் செயல் அலுவலர். அந்த அளவுத் தாளில் அச்சடிக்கும் கடை பாண்டிச்சேரியில்தான். ஏழுமலையே குட்டியானையை எடுத்தார். இந்த முறை எனக்கும் வாணிக்கும் முன்னிருக்கை.

"உன்ன கெழவன்னு ஊரெல்லாம் சொன்னது நான்தான் பெரியவரே," என்றார் வழியில். "கோச்சிக்காத. ஆனா நீ சொல்லாம வுட்டிருந்தா நாங்க எவனும் அந்தக் கூட்டத்துக்கு வந்திருக்க மாட்டோம்."

"கேட்டியா?" என்றேன் வாணியிடம்.

"கேட்டேன். அச்சுக்கூலி நீங்க குடுங்க. வாயைத் திறந்தது நீங்கதானே."

கடைக்காரர் கோப்பைத் திறந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "இவ்ளோ எடத்துக்கு ரோஸா? மையெல்லாம் குடிச்சிடும் சார். தாளுக்கு முந்நூத்தி நாப்பது ஆகும்." பேரம் பேசிப் பார்த்தேன், அசையவில்லை. முதல் தாள் இயந்திரத்திலிருந்து மெல்ல இறங்கியது. மேலே ஏரி, நடுவில் ஊர், அதை வளைத்து ஓடும் வாய்க்காலின் இரு கரையிலும் பச்சை, கீழே கடல் வரைக்கும் ரோஸ். ஏழுமலை குனிந்து, விரலால் தன் பாத்தி இருக்கும் இடத்தைத் தொடப் போனார். "ஈரம் சார், ஈரம்!" என்று கடைக்காரர் தடுத்தார்.

ஆறு தாள் வந்ததும் இயந்திரத்தை நிறுத்தப் போனார்கள். இன்னொன்று அடிக்கச் சொன்னேன்.

"ஏழாவது யாருக்குப்பா?" என்றாள் வாணி.

"எனக்கு. சிங்கப்பூர்ல நம்ம வீட்டு வாசலுக்கு எதிர்ச் சுவர் காலியா இருக்கு."

ஏழு தாள், தாளுக்கு முந்நூற்று நாற்பது. மொத்தம் இரண்டாயிரத்து முந்நூற்று எண்பது ரூபாய்.